ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம்: எல்லாம்தான் கடையில் கிடைக்கிறதே, அப்புறம் என்ன?

கேள்வி, 03.11.2023

ஜனவரியில் வேலைக்காக ஜெர்மனியில் டிரெஸ்டன் போகிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. ஏற்கெனவே போனவர்கள் எல்லாரும் "ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிப் போவாய், பார்" என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு இது மிகையாகத் தெரிகிறது. தேடிப் பார்த்தால் இட்லி அரிசி முதல் முருங்கைக்காய் வரை எல்லாம் அங்கே விற்கிறார்கள். 90-களில் போனவர்கள் ஏங்கியிருப்பார்கள், சரி. இப்போது எதற்கு ஏங்க வேண்டும்? எதைப் பெட்டியில் வைக்க வேண்டும், எது வேண்டாம் என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

04.11.2023, இரவு

தம்பி, கடைக் கணக்கு நீங்கள் சொல்வது சரிதான். நான் திருநெல்வேலி, இருப்பது டிரெஸ்டன். துவரம்பருப்பு, இட்லி அரிசி, தோலோடு உடைத்த கருப்பு உளுந்து, பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் இந்த நிமிடம் என் அலமாரியில் இருக்கிறது. கிடைக்காது என்று சொல்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

ஆனால் டிரெஸ்டன் என்பதால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டோர்ட்மண்ட், எஸ்ஸன், ஹாம் பக்கமெல்லாம் 80-களிலிருந்து ஈழத் தமிழர்கள் வந்து குடியேறிய இடங்கள், அங்கே தமிழ்க் கடைக்குப் பஞ்சமில்லை. ஹாமில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால் தெருவோரத்தில் வடை வாங்கித் தின்றுகொண்டே நடக்கலாம். அவர்கள் வந்து சேர்ந்தது மேற்கு ஜெர்மனி. நாம் இருப்பது பழைய கிழக்கு ஜெர்மனி. இங்கே அரசாங்கமே ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கூட்டி வந்தது வியட்நாம்காரர்களை. பெர்லின் சுவர் இடிந்த 1989-இல் ஏறக்குறைய 60,000 பேர் இருந்தார்கள். தொழிற்சாலைகள் மூடியதும் வேலை போய், தங்கிவிட்டவர்களில் பலர் காய்கறி, பூ, துணி என்று சின்னக் கடை போட்டார்கள். அதனால் இந்த ஊரில் நமக்குக் கொத்தமல்லி, சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் வரும் தாய்லாந்து வெங்காயம், புளி, உறைய வைத்த தேங்காய்த் துருவல், வாழையிலை எல்லாம் கொடுப்பது வியட்நாம் கடைதான். கம்யூனிஸ்ட் நாடுகள் போட்ட ஒப்பந்தம் என் சாம்பாரில் வந்து நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கை. ஆசியக் கடையில் சின்ன பாட்டிலில் கருஞ்சிவப்பாக இருக்கும் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, அதை இட்லிப் பொடியில் ஊற்றினால் சீன நூடுல்ஸ் வாசம்தான் வரும். துருக்கிக் கடையில் நீளமாக வெளிர்பச்சையாக இருக்கும் மிளகாய் பார்க்கத்தான் மிளகாய், குழந்தைகூடக் கடித்துத் தின்னும். ஆனால் அதே கடையில் ஐரான் என்று விற்பது உப்புப் போட்ட மோர். இஞ்சியும் பெருங்காயமும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

05.11.2023

பெட்டியில் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு நேற்று பதில் சொல்லாமலே படுத்துவிட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு வரக் கூடாது. நெய் பால் பொருள். பால்கோவாவும் அப்படியே, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் சுங்கத்தில் செல்லாது. செடி, காய், பழம், இலை எதற்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதிலிருந்து தப்பியவை ஐந்தே பழங்கள்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, அப்புறம் டுரியன். அதாவது தேங்காய் உங்களோடு வரலாம், சட்னிக்குத் தாளிக்கிற கறிவேப்பிலை வர முடியாது.

மீனுக்கு மட்டும் தாராள மனசு. சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை. காய்ந்ததும் கணக்கில் உண்டு. ஆகவே 23 கிலோ பெட்டியில் 20 கிலோ கருவாடு கட்டிக்கொண்டு வரச் சட்டம் இடம் கொடுக்கிறது, பெட்டி சுற்றி வரும் இடத்தில் நிற்கிற மற்ற பயணிகள் இடம் கொடுப்பார்களா என்பது வேறு விஷயம்.

நெய்க்குக் கவலைப்படாதீர்கள். புட்டர்ஷ்மால்ட்ஸ் என்று எந்தக் கடையிலும் உருக்கின வெண்ணெய் கிடைக்கும். அதை விட நல்ல வழி, புளிக்க வைத்த பாலேட்டில் எடுத்த வெண்ணெய் வாங்கி நீங்களே காய்ச்சுவது. ஸௌவர்ராம் என்று உறையில் போட்டிருக்கும். நம்மூரில் தயிரைக் கடைந்து எடுக்கிற வெண்ணெய்க்கு இதுதான் நெருக்கம். உருகி, சடசடவென்று பேசி, சத்தம் அடங்கி அடியில் பொன்னிறமாகப் பொடி படியும்போது அடுப்பை நிறுத்துங்கள். அந்தக் கசண்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து தின்பதை நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

05.11.2023, கொஞ்சம் கழித்து

"ஒரு கொத்து கறிவேப்பிலையில் என்ன வந்துவிடப் போகிறது, வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று எழுதியிருக்கும் அண்ணாச்சிக்கு: பூச்சி வரும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை மெல்லக் கொல்லும் ஒரு நோயைப் பரப்புகிற குட்டிப் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் குடியிருக்கும். ஃபுளோரிடாவில் அந்த நோய் 2005-இல் தெரியவந்தது, அதன் பிறகு அங்கே ஆரஞ்சு விவசாயம் எழுந்திருக்கவே இல்லை. எனக்கும் கறிவேப்பிலை இல்லாமல் ரசம் இறங்காது. ஆனாலும் இந்த விதியில் நான் அதிகாரி பக்கம்.

12.11.2023, தீபாவளி

ஞாயிற்றுக்கிழமையில் தீபாவளி வந்தால் ஜெர்மனியில் அதை விடச் சோதனை இல்லை. கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையத்தில் ஒன்றிரண்டு திறந்திருக்கும். அதை விட முக்கியம், ஞாயிறு அமைதி நாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டிரில் போடக் கூடாது. கிரைண்டர்?

கோயம்புத்தூர் மேசை கிரைண்டரை ஒரு பெட்டி முழுக்க அதற்கென்றே ஒதுக்கி ஊரிலிருந்து கொண்டு வந்தவள் நான். இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றினால் ஓடும். நான் இருப்பது கிழக்கு ஜெர்மனி காலத்தில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய குடியிருப்பு. மேல்மாடியில் ஒருவர் தும்மினால் கீழே ஆசி சொல்லலாம். வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை கிரைண்டரைப் போட்டேன். உளுந்து பாதி அரைபடும்போது அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பாட்டி, தலைமுடியைச் சுருட்டும் கிளிப்புகளோடு. சுவரைத் துளைக்கிறீர்களா என்று கேட்டார். வாயால் விளக்க முடியாமல் உள்ளே கூட்டிப் போய்க் காட்டினேன். கல் சுற்றுவதையும் உளுந்து நுரைத்து ஓரத்தில் ஏறி ஏறி உள்ளே விழுவதையும் கைகட்டி நின்று பார்த்தார், கண்ணை எடுக்கவில்லை. அரைத்து முடிந்ததும் "அடுத்த தடவை சனிக்கிழமை, மதியத்துக்கு முன்னால்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதான் அரைப்பு. மறுநாள் முதல் தோசை கீழ்வீட்டுக்கு. அவர் அதில் ஆப்பிள் கூழ் வைத்துச் சுருட்டித் தின்கிறார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

நேற்று முறுக்கு சுட்டபோது புகை அலாரம் கத்தியது. வீட்டுக்கு வீடு கட்டாயம் மாட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டி வைக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், நவம்பர் குளிராக இருந்தாலும் சரி. எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து.

25.11.2023

எல்லாம் கிடைக்கிறதென்றால் ஏக்கம் எதற்கு என்ற முதல் கேள்விக்கு நான் இன்னும் வாய் திறக்கவில்லை என்று இடித்துக் காட்டியிருக்கிறார்கள். சரி, முயற்சி செய்கிறேன்.

திருநெல்வேலிச் சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் செய்வதற்கு இதை விடச் சுலபமான நம்மூர்ச் சாப்பாடு இல்லை. தேங்காய்ப் பால் டப்பாவில் வருகிறது. பயத்தம்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளை, உறைந்த முருங்கைக்காய், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை. முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்க விடாமல் இறக்கினால் முடிந்தது. கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். சிப்ஸ்கூடப் பாக்கெட்டில். அக்கறையாகச் செய்தால் ஊரில் கிடைப்பதற்குக் குறைவில்லை, என் கை ருசியை நானே சொல்கிறேன்.

ஆனால் எங்கள் பக்கம் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடுகிற விருந்து. அதைச் சாப்பிட வேண்டும் என்று அன்று யாரும் முடிவு செய்வதில்லை. நேற்று தாலி கட்டினார்கள், இன்றைக்குச் சொதி, அவ்வளவுதான். பந்தியில் உட்காருகிறோம், வருகிறது. இங்கே சொதி வேண்டுமென்றால் வியாழக்கிழமையே நான் நினைக்க வேண்டும், வெள்ளி வேலை முடிந்து இரண்டு டிராம் மாறிக் கடைக்குப் போக வேண்டும், சனி சமைக்க வேண்டும், நாலு பேரைக் கூப்பிட வேண்டும், அவர்கள் நாட்குறிப்பைப் பார்த்துத் தேதி சொல்ல வேண்டும்.

நான்கு மணிக்கு டீக்கடையில் வடை எண்ணெயை விட்டு வெளியே வருகிறது, நாம் அந்த வழியாகப் போகிறோம், ஒரு துண்டு செய்தித்தாளில் வைத்து அமுக்கித் தருகிறார்கள். பத்து மணி பஸ்ஸை விட்டு இறங்கினால் புரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம் கேட்கிறது, வீட்டில் சாப்பாடு இருந்தாலும் கால் அங்கே போகிறது. பக்கத்து வீட்டு ஆச்சி கிண்ணத்தில் ஏதோ கொடுத்துவிட்டுப் போகிறாள், மூடியைத் திறந்தால்தான் என்ன என்று தெரியும். அது எனக்குப் பிடிக்காத புடலங்காய்க் கூட்டாகவும் இருக்கும். எனக்கு ஏக்கம் இதற்குத்தான், நான் தீர்மானிக்காமல் எதிரே வந்து நிற்கிற சாப்பாட்டுக்கு. இங்கே என் வாயில் போகிற ஒவ்வொரு கவளமும் நானே திட்டம் போட்டது, புடலங்காய் உட்பட.

26.11.2023

"அக்கா, நீங்கள் ஏங்குவது சாப்பாட்டுக்கு இல்லை, உங்கள் அம்மா சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் சுருக்கென்றது. டீக்கடை வடையை என் அம்மா சுடவில்லை என்று பதில் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. சனிக்கிழமை என்றால் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் என்று எங்கள் வீட்டில் தானாக நடந்ததாகத்தான் எனக்கு நினைவு. தானாக எதுவும் நடக்காது. எள்ளை வறுத்தது யார்?

யோசித்துவிட்டு வருகிறேன்.

09.12.2023

யோசனை முடியவில்லை, காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். பில்டர் காபிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்குப் பதில்.

முதலில் ஒரு பெருமை. காகித வடிகட்டி போட்டுக் காபி இறக்கும் வழியை உலகுக்குக் கொடுத்தது எங்கள் டிரெஸ்டன்தான். மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி பித்தளைக் குவளையில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனுடைய பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளை அதில் வைத்து வடித்துப் பார்த்தார். 1908-இல் அதைப் பதிவு செய்து இதே ஊரில் கம்பெனியும் தொடங்கினார். ஆனால் காகிதத்தில் இறங்குகிற காபி நீர்த்துத்தான் இருக்கும். நமக்கு வேண்டிய திக்கான டிகாக்‌ஷனுக்கு ஊர் பில்டரே வேண்டும். அதையும் பொடியையும் பெட்டியில் வையுங்கள், தடையில்லை.

பொடி என்றதும் ஞாபகம் வந்தது. கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒருநாள் டபராவில் ஆற்றிக் கொடுத்தேன். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்துக்காரர்கள் காபிப் பைத்தியங்கள், அவர்களைக் கேலி செய்யவே அப்படி ஒரு பட்டப் பெயர் உண்டு. பாட்டி ஒரு மடக்குக் குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், "எழுபத்தேழு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொன்னார். 1975-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காபித் தோட்டங்கள் கருகி, உலகச் சந்தையில் விலை எகிறியது. கிழக்கு ஜெர்மனியிடம் வாங்க அன்னியச் செலாவணி இல்லை. 1977-இல் அரசாங்கமே ஒரு கலப்புக் காபி இறக்கியது: 51 விழுக்காடு காபி, மீதி சிக்கரி, கோதுமை மாதிரியான ரை என்ற தானியம், சர்க்கரைக் கிழங்கு இப்படி. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். புகார்க் கடிதங்கள் குவிந்தன.

கலப்புக் காபித்தூளில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதுதான் நம்மூர் உணவுப் பாதுகாப்பு விதியும். அதே எண்! அங்கே மக்கள் சண்டை போட்டு விரட்டிய சரக்கை நாம் "அந்தக் கசப்பு இருந்தால்தான் காபி" என்று காசு கொடுத்து வாங்குகிறோம். சிக்கரியைப் பாட்டியின் வாய் மன்னிக்கவில்லை. எனக்கோ அது இல்லையென்றால் விடிந்த மாதிரியே இருக்காது.

15.01.2024, பொங்கல்

சின்னக் குறிப்பு. இட்லி அரிசி ஏற்றுமதிக்கே தடை என்று இங்கே யாரோ போட்டதைப் பார்த்து மூட்டை மூட்டையாக வாங்க வேண்டாம். 2023 ஜூலை 20-இல் இந்தியா தடை செய்தது பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை, நம் பாஷையில் பச்சரிசி ரகம். அமெரிக்காவில் சோனா மசூரிக்கு ஜனங்கள் கடையில் முட்டிமோதியது அப்போதுதான். இட்லி அரிசி புழுங்கல். அதற்குத் தடை இல்லை, ஆகஸ்டு கடைசியில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலைக் கிளறியது ஜெர்மன்காரர்கள் பால்சோறு செய்கிற குண்டு அரிசியில். நன்றாகவே குழைந்தது, ஆனால் பொங்கி வழிய விடவில்லை. செராமிக் அடுப்பின் மேல் பால் வழிந்தால் சுரண்டிச் சுரண்டிக் கை போய்விடும்.

10.02.2024

கோவில்பட்டித் தம்பி வந்து சேர்ந்துவிட்டார். பெட்டியில் பாதி கடலைமிட்டாய். வாடகை வீட்டில் சமையலறை என்ற பெயரில் தண்ணீர்க் குழாயும் நாலு சுவரும் மட்டும் இருப்பதாகப் புலம்பியிருக்கிறார். இங்கே பல வீடுகள் அப்படித்தான். அடுப்பும் அலமாரியும் நாம் வாங்கி மாட்ட வேண்டும், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது அடுத்து வருகிறவரிடம் விற்க வேண்டும்.

மாவு பொங்கவில்லை என்றும் கேட்டிருந்தார். சோடா உப்புப் பக்கம் போகாதீர்கள். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருகின்றன, அவற்றுக்கு வேண்டியது முப்பது டிகிரி பக்கம் ஒரு சூடு. நம் வீட்டுக் கூடம் குளிர்காலத்தில் இருபதுதான். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள், அடியில் ஒரு தட்டும் வையுங்கள். ஓவனுக்குள் பொங்கி வழிந்த மாவு காய்ந்தால் சிமெண்ட்.

வேலை செய்யும் இடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பருப்பு சூப் வரும் நாளைத் தவற விடாதீர்கள். மேசையிலிருக்கும் வினிகரை ஜெர்மன்காரர்கள் அதில் ஊற்றிக்கொள்வார்கள். பருப்பும் புளிப்பும் சேர வேண்டும் என்று இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நான் மிளகாய்ப் பொடியைக் கைப்பையில் வைத்திருப்பேன்.

16.06.2024

அம்மா வந்திருக்கிறாள். நவம்பரில் பாதியில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு இங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பயந்து இட்லி மாவு, இடியாப்ப மாவு, சாம்பார் பொடி எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வந்த மறுநாள் காலை அடுக்களைக்குள் போனவளைத் தடுத்து, கீழே பேக்கரியில் வாங்கிய சின்ன பிரெட்டுகளை மேசையில் வைத்தேன். மேலே பூசணி விதை தூவியது, இன்னும் சூடு ஆறவில்லை. வெண்ணெய், ஸ்ட்ராபெரி ஜாம். அம்மா ஒன்றை எடுத்து, உள்ளே மெத்தென்று இருக்கிற பாகத்தைப் பிய்த்து வாயில் போட்டு, ஓட்டைத் தனியாகக் கடித்து, இன்னொன்று எடுத்தாள். மறுநாளும் அதுதான் வேண்டும் என்றாள். இட்லி என்ற பேச்சே இல்லை. "காலையில அடுப்பப் பத்த வைக்காமலே ஒரு நாளு விடியும்னு இத்தன வருசமா யாருமே எங்கிட்ட சொல்லலியே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே அன்றைக்கு அப்படி எழுதியவருக்கு: நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். வடை என்னுடையது. எள்ளுத் துவையலை உங்களுக்கு விட்டுக் கொடுக்கிறேன். ராத்திரி மட்டும் அம்மாவுக்கு ரசம் வேண்டும், அதை நான் வைக்கிறேன். உப்புக் குறைவு என்று தினமும் சொல்கிறாள், சந்தோஷமாக.

07.07.2024

கீழ்வீட்டுப் பாட்டி எங்கள் இருவரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். யேகர்ஷ்னிட்செல். மேற்கு ஜெர்மனியில் இந்தப் பேருக்குக் காளான் குழம்பு ஊற்றிய இறைச்சித் துண்டு வரும். கிழக்கில் வருவது தடிமனாக வெட்டிய சாசேஜ் வட்டம், ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது, கூட மக்ரோனியும் இனிப்பான தக்காளிக் குழம்பும். பள்ளிக்கூடத்தில் போட்ட சாப்பாடு என்றார். இறைச்சி தொடாத அம்மா மக்ரோனியோடு நிறுத்திக்கொண்டாள்.

நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். 1990 ஜூலை 1-ஆம் தேதி மேற்கு ஜெர்மனிப் பணம் இங்கே வந்தது. சொல்லி வைத்த மாதிரி கடை அலமாரிகள் முழுக்க மேற்குச் சரக்கு. எல்லாரும் ஓடிப் போய் வாங்கினோம், நானும்தான், பழைய ஜாம், பழைய கடுகு, பழைய பிஸ்கட் எதையும் யாரும் சீண்டவில்லை, கம்பெனிகள் வரிசையாக மூடின, என்றார். சில வருடம் கழித்துத்தான் தேட ஆரம்பித்தார்களாம். ஸ்ப்ரேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் மாதிரி தப்பிப் பிழைத்தவை இன்றும் விற்கின்றன. மற்றவை போனது போனதுதான்.

இவர் ஊரை விட்டு எங்கேயும் போகவில்லை. பிறந்ததிலிருந்து டிரெஸ்டன். நாடுதான் இவரை விட்டுப் போனது. நான் விமானம் ஏறினால் நாளைக்கே டீக்கடையில் நிற்கலாம், இவர் எந்த விமானத்தில் ஏறுவார்? அதற்காக அந்த நாடு திரும்ப வர வேண்டுமா என்று கேட்டேன். "வேண்டவே வேண்டாம், கடுகு மட்டும் போதும்" என்றார்.

01.09.2024

அம்மாவைக் கொண்டு விட ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டேன். நான்கு மணி வடை தின்றேனா என்று கேட்டவர்களுக்கு: தின்றேன், முதல் நாளே. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தட்டும் டிஷ்யூவும் எடுத்து வைத்தார். செய்தித்தாள் எங்கே அண்ணாச்சி என்றேன். அதில் மடித்துத் தரக் கூடாதாம், மை ஒட்டுகிறதாம். சரியான விதிதான். மனசு ஒப்பவில்லை.

ஊரில் ஒரு ராத்திரி, வாழையிலை நிறைய எல்லாம் பரிமாறியிருக்கும்போது, ஒரு துண்டு ரை பிரெட், வெண்ணெய், உப்பு வெள்ளரிக்காய் இவ்வளவு போதும் என்று தோன்றியது. ஜெர்மன்காரர்கள் ராத்திரியில் அடுப்பு மூட்டாமல் பிரெட்டும் சீஸும் வைத்து முடித்துக்கொள்வதை வந்த புதிதில் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன்காரர் ஒருவர் முன்பு சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருந்தவர். பிரியாணி, மீன் குழம்பு எல்லாம் வெளுத்துக் கட்டியவர், ஆனால் பிரெட்டுக்காக மட்டும் லீவு நாளில் ஆரோவில் பேக்கரி வரைக்கும் வண்டி ஓட்டியிருக்கிறார். சென்னையில் பிரெட் என்று விற்பது பஞ்சு கேக் என்பது அவர் கட்சி. இவர்களுக்கு இது பெரிய விஷயம், 2014-இல் பிரெட் பண்பாட்டை நாட்டின் மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். சாப்பாட்டு வேளையில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் என் புளியோதரையையும் நான் அவர் பிரெட்டையும் தின்கிறோம்.

27.10.2024

அரிசி பற்றி மறுபடியும் கேட்கிறார்கள். வெள்ளை அரிசித் தடையைச் செப்டம்பர் 28-இல் எடுத்துவிட்டார்கள். புழுங்கல் வரியை முதலில் பாதியாக்கி, இந்த மாதம் முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். வரி போட்ட வாரமே விலையை ஏற்றிய கடைக்காரர், வரி போன வாரம் "பழைய சரக்கு இன்னும் தீரவில்லை" என்கிறார். கடை பேர் சொல்ல மாட்டேன், அவர்தான் எனக்கு முருங்கைக்காய் எடுத்து வைக்கிறவர்.

தனிமடலில் கருவாடு கேட்டவருக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். கொண்டு வரலாம் என்று போன வருடமே எழுதிவிட்டேன், வறுப்பது பற்றித்தான் எழுதவில்லை. இங்கே அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி பல வீடுகளில் வெளியே போவதில்லை, கரி வடிகட்டி வழியாக அதே காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும், அதனால் கருவாட்டு வாசம் கோட்டுகளில் ஏறிக்கொண்டு உங்களோடு அலுவலகம் வரை வரும். பால்கனியில் மின்சார அடுப்பு வைத்து வறுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கீழ்வீட்டில் துணி காயப் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.